ஏ: சேலத்துக்குப் புதிதாக வந்தவர்கள் ஓர் எழுத்தைக் கற்கும் வழி

வெள்ளி வியாபாரத்துக்காகவோ, உருக்காலை வேலைக்காகவோ, ஏற்காட்டு விடுதிகளில் சமையல் பணிக்காகவோ வெளி மாநிலங்களிலிருந்து சேலத்துக்கு வந்து தங்கியவர்கள் சிலருக்கு மாலை நேரங்களில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தமிழில் எழுத்துகள் 247 என்று கேட்டதும் பலர் மலைத்துப்போகிறார்கள். அந்த மலைப்பைப் போக்க நான் கண்ட வழி, ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு அதன் ஒலி, வடிவம், பொருள், பயன்பாடு எல்லாவற்றையும் ஒரு மாதம் பொறுமையாகப் பழகவைப்பது. அந்த எழுத்தாக எப்போதும் 'ஏ' என்பதையே தேர்ந்தெடுக்கிறேன். சேலம், ஏற்காடு, சேர்வராயன் என்று இந்த வட்டாரத்தின் மூன்று பெரிய பெயர்களின் முதலெழுத்திலும் அந்த ஒலி இருக்கிறது என்பது ஒரு காரணம். ஒரு சொல்லின் கடைசியில் இந்த ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டால் பேசுபவரின் உறுதி, வியப்பு, வருத்தம், நினைவூட்டல் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். தமிழைப் பேசவும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஓரளவு தொடங்கிவிட்டவர்களுக்காகவும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கம்பக்கத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் காதைப் பழக்குங்கள்

உயிர் எழுத்துகள் பன்னிரண்டில் எட்டாவதாக நிற்பது ஏ. அதற்கு முன்னால் நிற்கும் எ அதனுடைய குறில். கண் இமைக்கும் நேரத்தையோ கை நொடிக்கும் நேரத்தையோ ஒரு மாத்திரை என்று இலக்கணம் கணக்கிடுகிறது. எ ஒரு மாத்திரை, ஏ இரண்டு மாத்திரை. தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுபவர்களுக்கு இந்த வேறுபாடு தாய்மொழியிலேயே இருப்பதால் அவர்கள் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். இந்தி, குஜராத்தி, வங்காளம், ஒடியா ஆகிய மொழிகளில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே எழுத்துதான் இருக்கிறது. அதனால் அம்மொழிகளைப் பேசுபவர்கள் நாவில் இரண்டு ஒலிகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்து நிற்கும். தாங்கள் வேறுபடுத்திச் சொல்லவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒலி நீளம் மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்பதைச் சில இணைகளைக் கொண்டு உணரலாம். எரி என்றால் நெருப்பு எரிவது. ஏரி என்றால் ஏற்காட்டில் படகு விடுகிற நீர்நிலை. எறி என்றால் வீசு. ஏறி என்றால் மேலே சென்று. பெட்டி பொருள் வைப்பதற்கு. பேட்டி பத்திரிகைக்குக் கொடுப்பது. மெய் உண்மை; மேய் என்பது மாட்டுக்குச் சொல்வது. செய் என்பது வேலை. சேய் என்பது குழந்தை. என்னிடம் படித்த ஒருவர், வெளியே மழை பெய்கிறது என்று சொல்ல நினைத்து நீட்டிச் சொல்லிவிட்டதில் வகுப்பே வெளியே பேய் வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தது. இன்னொருவர் தம் முதலாளியிடம் 'நான் உங்களைக் கேட்டேன்' என்பதைக் குறுக்கி, 'கெட்டேன்' என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டேன் என்றால் சீரழிந்தேன் என்று பொருள். அவரை யாரும் திருத்தவில்லை. அன்பினால்தான் திருத்தாமல் விட்டார்கள், ஆனால் அந்த அன்பு அவருக்கு உதவவில்லை.

பயிற்சி எளியது. ஒரு கையால் மேசையைத் தட்டிக்கொண்டே எ என்று ஒரு தட்டுக்கும் ஏ என்று இரண்டு தட்டுக்கும் சொல்லுங்கள். பிறகு எரி–ஏரி, எறி–ஏறி, பெட்டி–பேட்டி, கெட்டான்–கேட்டான் என்று இணை இணையாகச் சொல்லுங்கள். தமிழ் பேசும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, நீங்கள் சொன்னது இரண்டில் எது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் பத்துக்குப் பத்தும் சரியாகச் சொல்லும்வரை எழுதப் போக வேண்டாம். எழுத்தை முதலில் கற்பித்து ஒலியைப் பிறகு திருத்தலாம் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது தவறு என்பதை மாணவர்களே எனக்குக் காட்டினார்கள். காதில் வேறுபாடு விழாதவருக்குக் கையெழுத்தில் அது வெறும் மனப்பாடமாகிவிடுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் ஏ வரும்போது பேச்சில் அதற்கு முன் மெல்லிய யகரம் ஒன்று தொற்றிக்கொள்ளும். ஏன் என்பது யேன் போலவும் ஏற்காடு என்பது யேற்காடு போலவும் காதில் விழும். ஏற்காட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது யகர ஒலியில் தொடங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழில் எழுதும்போது அந்த யகரத்தை எழுதக் கூடாது. மற்றொன்று, எழுத்தில் இகரமாக இருப்பது பேச்சில் எகரமாகிவிடும். இலை என்பதை எலை என்றும், இடம் என்பதை எடம் என்றும், இரண்டு என்பதை ரெண்டு என்றும் சொல்வோம். இடைப்பாடி என்று எழுதப்பட்டு வந்த ஊர்ப்பெயர் பேச்சில் எடப்பாடி ஆகி, இன்று எழுத்திலும் அப்படியே நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயருக்கு அந்த உரிமை உண்டு. இலைக்கும் இடத்துக்கும் எழுத்தில் அந்த உரிமை இல்லை.

பிறகு கையைப் பழக்குங்கள்

எ எழுதத் தெரிந்தால் ஏ எழுதத் தெரிந்ததுபோலத்தான். எகரத்தை எழுதி முடித்து, அதன் வலப்பக்கக் காலின் அடியிலிருந்து இடப்புறமாகச் சாய்த்து ஒரு கோடு இழுத்தால் ஏகாரம். அந்தச் சாய்கோட்டைச் சிறிதாக்கிவிட்டால் படிப்பவர் எகரமாகப் படித்துவிடுவார் என்பதால், பழகும் நாட்களில் கொஞ்சம் தாராளமாகவே இழுத்துவிடுங்கள்.

இந்தச் சாய்கோடு எப்போதும் இருந்ததில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதுபோலவே எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூலும் அதையே சொல்கிறது. அதாவது, பழைய முறையில் புள்ளி பெற்றது குறில், புள்ளி இல்லாமல் வெறுமையாக நின்றது நெடில். இன்று நாம் குறில் என்று படிக்கிற அந்த வடிவம்தான் அன்று ஏகாரமாக இருந்தது. ஓலையில் எழுதியவர்கள் நடைமுறையில் புள்ளியை விட்டுவிட்டதால் குறிலும் நெடிலும் ஒரே தோற்றத்தில் நின்றன. இடம் பார்த்துப் படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழில் இலக்கணமும் அகராதியும் செய்த வீரமாமுனிவர் (1680–1747) என்று சொல்லப்படுகிறது. வெளியூரிலிருந்து வந்து தமிழ் கற்ற ஒருவரின் கைபட்ட எழுத்து இது என்பதை என் மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

மெய்யோடு சேரும்போது ஏகாரம் தன் உருவத்தை முழுவதும் விட்டுவிட்டுக் கொம்பாக மாறுகிறது. எகரத்துக்கு ஒற்றைக்கொம்பு (ெ), ஏகாரத்துக்கு இரட்டைக்கொம்பு (ே). இரண்டுமே எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலிக்கும்போது எழுத்துக்குப் பின்னால் ஒலிக்கும். 'சே' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாய்க்கு முதலில் வருவது ச். இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் படித்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். கொம்பைக் கண்டதும் நின்று, அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். கையால் எழுதும்போது கொம்பை முதலில் எழுத வேண்டும். கைப்பேசியில் இப்போது வழக்கத்தில் உள்ள விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் மெய்யை முதலில் தட்டிவிட்டுக் கொம்பைப் பிறகு தட்ட வேண்டும். இந்த முரணை முன்கூட்டியே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. அதே இரட்டைக்கொம்பு முன்னால் நின்று, பின்னால் ஒரு கால் (ா) நின்றால், அது ஏகாரம் அன்று, ஓகாரம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் வரும் கோரிமேடு என்ற பெயரைப் பாருங்கள். ககரத்துக்கு முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால். ஆகவே அது கோ. மகரத்துக்கு முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் இல்லை. ஆகவே அது மே. ஒரே பெயரில் ஒரே குறி இரண்டு வேலை செய்கிறது. கொம்பைப் பார்த்தவுடன் வாயைத் திறக்காமல், கால் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தப் பெயர் கற்பித்துவிடும்.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைச் செயல்படுத்தியபோது ணை, லை, ளை, னை போன்றவற்றின் வடிவங்கள் மாறின. ஏகார வரிசை அதில் மாறவில்லை. ஆகவே பழைய அச்சுப் புத்தகங்களிலும் பழைய பலகைகளிலும் கே, சே, மே எல்லாம் இன்றுள்ளபடியே இருக்கும், அச்சமின்றிப் படிக்கலாம்.

ஊர்ப்பெயர்களில் பழகுங்கள்

பேருந்தின் நெற்றியிலும் கடைப் பலகையிலும் உள்ள ஊர்ப்பெயர்களைவிடச் சிறந்த பாடநூல் புதிதாக வந்தவருக்கு இல்லை. சேலம் நகருக்குள்ளேயே இரண்டு அருமையான பெயர்கள் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை என்பதில் முதலெழுத்து ஒற்றைக்கொம்பு, நடுவில் பேகாரம் இரட்டைக்கொம்பு. நெத்திமேடு என்பதிலும் அப்படியே, நெ குறில், மே நெடில். இந்த இரண்டு பெயர்களையும் பிழையின்றி எழுதவும் சொல்லவும் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது. பேட்டை என்பதைக் குறுக்கிப் பெட்டை என்று சொன்னால் பெண் விலங்கையும் கோழியையும் குறிக்கும் சொல்லாகிவிடும் என்பதால், செவ்வாய்ப்பேட்டைக்கு வழி கேட்கும்போது இரண்டாவது பகுதியைத் தயங்காமல் நீட்டுங்கள்.

மாவட்டத்துக்குள் மேலும் தேடினால் மேட்டூர், மேச்சேரி, தேவூர், பேளூர், ஏத்தாப்பூர் ஆகியவை நெடிலுக்கும், எடப்பாடி, கெங்கவல்லி, தெடாவூர், பெத்தநாயக்கன்பாளையம் ஆகியவை குறிலுக்கும் கிடைக்கும். மேச்சேரியில் ஏகாரம் இரண்டு முறை வருகிறது.

இந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய பெயர்களுக்கும் சொல்லப்படும் பெயர்க்காரணங்களையும் இங்கே சொல்லலாம். ஏரியும் காடும் சேர்ந்த ஏரிக்காடு என்பதே ஏற்காடு ஆயிற்று என்பது பலரும் சொல்வது; ஏழு காடு என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மலையைக் குறிக்கும் சைலம் என்ற சொல்லே சேலம் ஆனது என்பது ஒரு கருத்து. சேரர் பெயரோடு தொடர்புபடுத்துவோரும் இருக்கிறார்கள். எது சரியானாலும், இரண்டு பெயர்களையும் ஏகாரத்தில் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

சொல்லின் கடைசியில் வரும் ஏ

இனிதான் முக்கியமான பகுதி. சொற்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள்களைச் சொல்கிறது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இசைநிறை என்பதையும் சேர்த்து ஆறாக்குகிறது. ஈற்றசை என்பது செய்யுளின் முடிவில் பொருளின்றி நிற்பது, இசைநிறை என்பது ஓசையை நிரப்ப வருவது; இவை இரண்டும் பாட்டுக்கு உரியவை என்பதால் புதியவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். நிலமே, நீரே, தீயே, வளியே என்று அடுக்கிச் சொல்வது எண். அதுவும் இன்று எழுத்து நடையில்தான் அரிதாக வரும். தேற்றமும் பிரிநிலையும் அன்றாடப் பேச்சில் ஒவ்வொரு நிமிடமும் வருகின்றன. தேற்றம் என்றால் உறுதி. பிரிநிலை என்றால் பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது.

ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஏகாரத்தை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பதே இதைக் கற்க நான் அறிந்த நல்ல வழி. 'நான் நேற்று ஏற்காட்டுக்குப் போனேன்' என்பது வெறும் செய்தி. 'நானே நேற்று ஏற்காட்டுக்குப் போனேன்' என்றால், வேறு ஆளை அனுப்பாமல் தானாகப் போனார் என்று பொருள். 'நான் நேற்றே ஏற்காட்டுக்குப் போனேன்' என்றால், இன்றுதான் போனதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அதற்கு முன்னதாகவே போய்விட்டேன் என்று பொருள். 'நான் நேற்று ஏற்காட்டுக்கே போனேன்' என்றால், அடிவாரத்தோடு நிற்காமல் மேலே ஊர்வரை போனார். 'நான் நேற்று ஏற்காட்டுக்குப் போனேனே' என்றால், அது உங்களுக்குத் தெரியாதா, மறந்துவிட்டீர்களா என்று நினைவூட்டுகிறார். நான்கு சொற்களும் மாறவில்லை. ஓர் எழுத்து மட்டும் நகர்ந்து நகர்ந்து நான்கு வேறு செய்திகளைச் சொல்கிறது. தினமும் நீங்கள் சொல்லும் ஏதாவது ஒரு வாக்கியத்தை எடுத்து இப்படி ஒவ்வொரு சொல்லிலும் ஏகாரத்தை ஒட்டிப் பார்த்து, வரும் பொருள் என்ன என்று பக்கத்திலிருப்பவரிடம் கேளுங்கள். தமிழ் பேசுபவர்களே சில வேளை நின்று யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஏகாரத்தையும் 'தான்' என்ற சொல்லையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 'அவனே வந்தான்' என்றால் யாரும் அழைக்காமல், யாருடைய துணையும் இல்லாமல் வந்தான். 'அவன்தான் வந்தான்' என்றால், வந்தது யார் என்ற கேள்விக்கு அவன், வேறு யாரும் இல்லை என்ற விடை. கொலுசுப் பட்டறையில், வெள்ளித் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றைக் காட்டி, 'இந்தப் பற்றை நீயே வைத்தாயா?' என்று கேட்டால் அதில் பாராட்டு இருக்கக்கூடும். 'இந்தப் பற்றை நீதான் வைத்தாயா?' என்று கேட்டால் பெரும்பாலும் அதில் குறை இருக்கும். வேலைக்கு வந்த இடத்தில் இந்த வேறுபாடு காதில் விழுவது மிக அவசியம்.

வினைச்சொல்லோடு சேரும்போது ஏகாரத்துக்குத் தனி வலிமை வருகிறது. 'பஸ் வரவில்லை' என்பதைவிட 'பஸ் வரவே இல்லை' என்பது முழுமையான மறுப்பு. 'வந்தே தீரும்' என்பது தப்பாமல் வரும் என்ற உறுதி. 'ஏறும்போதே டிக்கெட் வாங்கிவிட்டேன்' என்பதில் இரண்டு செயல்களும் ஒரே நேரத்தில் நடந்தன. 'சொன்னாலே போதும்' என்றால் வேறு எதுவும் செய்ய வேண்டாம், சொல்வது ஒன்றே போதுமானது. 'அடடா, பஸ் போய்விட்டதே' என்பதில் வருத்தம். 'காப்பி நன்றாக இருக்கிறதே' என்பதில் எதிர்பாராத மகிழ்ச்சி. இந்த வியப்பும் வருத்தமும் எழுத்தில் ஒரே மாதிரி தோன்றும். குரலின் ஏற்ற இறக்கம்தான் பிரித்துக் காட்டும். 'நான் அப்போதே சொன்னேனே' என்பதை மட்டும் வயதில் பெரியவர்களிடமும் மேலதிகாரிகளிடமும் சொல்லும் முன் ஒருமுறை யோசியுங்கள். அதில் நினைவூட்டலோடு குற்றச்சாட்டும் சேர்ந்துவிடும்.

சில சொற்களில் ஏகாரம் நிலையாகவே குடியேறிவிட்டது. மேலே, கீழே, உள்ளே, வெளியே, இங்கே, எங்கே ஆகியவற்றை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆகவே, எனவே என்பவை எழுத்து நடைக்கு வேண்டும். 'அதுவே' என்பதும் 'அதே' என்பதும் வெவ்வேறு: முன்னது, அந்தப் பொருளே என்று அழுத்திச் சொல்வது, பின்னது, முன்பு சொன்ன அந்த ஒன்று என்று அடையாளம் காட்டுவது. 'அதே கடை', 'அதே விலை' என்று பெயருக்கு முன்னால் வரும். ஒரு என்பதோடு ஏகாரம் சேர்ந்த 'ஒரே' என்பதற்கும் இரண்டு முகங்கள் உண்டு. 'ஒரே பேருந்து' என்றால் ஒன்றுதான் இருக்கிறது. 'ஒரே பனி' என்று ஏற்காட்டில் காலையில் யாராவது சொன்னால், பனியைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். பனியை அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஒட்டும் முறை

மெய்யில் முடியும் சொல்லோடு ஏகாரம் நேரடியாகச் சேரும்: அவன் அவனே ஆகும், சேலம் சேலமே ஆகும். கல், பெண் போலத் தனிக்குறிலை அடுத்து மெய் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும்: கல்லே, பெண்ணே. இ, ஈ, ஐ ஆகியவற்றில் முடிந்தால் நடுவில் யகரம் வரும்: தம்பியே, தீயே, மலையே. மற்ற உயிர்களில் முடிந்தால் வகரம் வரும்: பலாவே, பசுவே. ஆனால் காடு, வீடு, நேற்று போன்ற சொற்களின் கடைசி உகரம் குறைந்து ஒலிப்பதால் அது விலகிக்கொண்டு ஏகாரத்துக்கு இடம் கொடுத்துவிடும்: காடே, வீடே, நேற்றே. ஏற்காடும் அப்படித்தான் ஏற்காடே ஆகும். ஏகாரத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் இன்னோர் உயிர் வந்தால் யகரமும் வரலாம், வகரமும் வரலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. இறைவனின் திருவடியைச் சேவடி என்று பாடல்களில் கேட்கும்போது அந்த வகரத்தை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கேட்பதற்கும் அழைப்பதற்கும்

சொல்லின் முதலிலும் நின்று, கடைசியிலும் நின்று கேள்விப் பொருளைத் தரக்கூடிய எழுத்து ஏகாரம் ஒன்றே என்பது நன்னூல் தரும் செய்தி. முதலில் நிற்பதற்கு ஏன், ஏது என்பவை சான்று. கடைசியில் நின்று கேட்பது இன்றைய பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. அந்த வேலையை ஆகாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே, 'நீயா?' என்று கேளுங்கள், 'நீயே?' என்று கேட்க வேண்டாம்.

அழைக்கும்போது கவனம் தேவை. 'ஏய்' என்பது நெருங்கிய நண்பர்களுக்கும் வயதில் சிறியவர்களுக்கும் மட்டுமே. அறியாதவரை அப்படிக் கூப்பிட்டால் அவமதிப்பு. 'ஏங்க' என்பது மரியாதையானது. மனைவி கணவரையும், முகம் தெரியாதவர் இன்னொருவரையும் அப்படி அழைப்பதைச் சேலத்தில் எங்கும் கேட்கலாம். சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் போனால் 'ஏனுங்க' என்று இன்னும் மென்மையாக வரும். ஒலியில் சிறிய வேறுபாடுதான், ஆனால் ஒன்று சண்டையையும் மற்றொன்று ஒரு குவளைத் தண்ணீரையும் கொண்டுவரும். மேடைகளில் 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று தொடங்குவதும், மலைமேல் கோயிலில் கைகூப்பி நிற்பவர் 'சேர்வராயனே' என்று அழைப்பதும் பெயரின் கடைசியில் ஏகாரம் சேர்ந்த விளிகள்.

நான் என்பதற்குரிய வினைமுற்றிலும் ஏகாரம் இருக்கிறது: வந்தேன், போனேன், மாட்டேன். எழுத்தில் இது தெளிவு. பேச்சில் கடைசி னகரம் முழுவதும் ஒலிக்காமல் மூக்கில் கரைந்துவிடும். 'நீ எப்போது வந்தே?' என்று கேட்பதில் வரும் ஏகாரம் மூக்கொலி இல்லாதது. இரண்டையும் பிரித்துக் கேட்பது முதல் சில வாரங்களில் முடியாது. அதற்காக மனம் தளர வேண்டாம். நான், நீ என்ற சொற்களை விடாமல் சேர்த்துப் பேசினால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார்.

தனித்து நிற்கும் ஏ

ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நின்று பொருள் தருவதை ஓரெழுத்து ஒருமொழி என்பர். ஏ என்பது அவற்றுள் ஒன்று; அதன் பொருள் அம்பு. ஏவுகணை என்ற சொல்லைச் செய்தியில் கேட்டவர்களுக்கு இது எளிதில் நினைவில் நிற்கும். தொல்காப்பியம் உரிச்சொல்லாக இன்னொரு பொருளையும் தருகிறது: 'ஏ பெற்றாகும்'. பெற்று என்றால் பெருக்கம், மிகுதி. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'ஏகல் அடுக்கம்', அதாவது பெரும் பாறைகள் அடுக்கடுக்காய் நிற்கும் மலைச்சரிவு. பேச்சில் இந்தச் சொல் இன்று இல்லை. ஆனாலும் அடிவாரத்திலிருந்து சேர்வராயன் மலையை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இரண்டு சொற்களும் நாவில் வருகின்றன. புதியவர்கள் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்த வேண்டிய தேவை வராவிட்டாலும் பரவாயில்லை.

பயிற்சிக்கு ஒரு பயணம்

இவ்வளவும் படித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுப் பேருந்தில் சன்னல் ஓரமாக உட்காருங்கள். கோரிமேடு வரும்போது பலகையைப் படித்து, எது கோ, எது மே என்று பாருங்கள். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும், மொத்தம் 20. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஏழாவது வளைவில் ஏகாரம், நீட்டுங்கள். எட்டாவதில் எகரம், குறுக்குங்கள். ஏழு என்பது நெடிலாக இருந்தும் எழுபது, எழுநூறு என்று வளரும்போது குறிலாகிவிடும் என்பதையும், கடையில் ரூபாய் சொல்லும்போது அது பயன்படும் என்பதையும் அடுத்த சில வளைவுகளில் நினைத்துக்கொள்ளுங்கள். பதினேழாவது வளைவில் அதே ஏகாரம் னகரத்தோடு சேர்ந்து இரட்டைக்கொம்பாகிவிட்டிருக்கும். பதினெட்டாவதில் எகரம் ஒற்றைக்கொம்பாகியிருக்கும். ஒரு தாளில் ஏழு, எட்டு, பதினேழு, பதினெட்டு என்று நான்கையும் எழுதி, பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டிச் சரியா என்று கேளுங்கள். அதற்குள் ஏரி வந்துவிடும். நீட்டிச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.